பின்வரிசையின் நடு இடம்

அந்த விளையாட்டு மண்டபத்தின் கூரையில் நீளவாட்டில் பச்சைக் கண்ணாடி பதித்திருந்தார்கள். பெப்ரவரி மாதத்தில் அபூர்வமாக வெயில் வந்தால் தரை முழுக்கப் பாசி நிறத்தில் வெளிச்சம் கிடக்கும். நாங்கள் ஐந்து பேரும் அதற்குள் மிதந்து திரிவதாக எனக்குத் தோன்றும். சப்பாத்துகள் தரையில் கிறீச்சிடுகிற சத்தம்கூட எங்கோ தூரத்திலிருந்து வருவதாகக் கேட்கும். மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். அந்த மண்டபத்தில் எங்கே நின்றாய் என்று கேட்டால் அடி பிசகாமல் காட்டுவேன்.

நான் நின்றது பின்வரிசையில், நடுவில், கூடைக்கு நேர் முன்னால். எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணி தடுத்தாடும்போது ஆளுக்கு ஆள் காவல் நிற்பதில்லை. இடத்துக்குத்தான் காவல். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஐந்து பேரும் சேர்ந்து அந்தப் பக்கம் சரிய வேண்டும். எல்லாரையும் பார்க்கக்கூடியவள் நடுவில் நிற்பவள் மட்டும்தான். ஆகவே ஓயாமல் கத்துவதும் அவள் வேலைதான். வீட்டில் வாயில் கொழுக்கட்டையோடு இருக்கிற நான் அங்கே தொண்டை கிழியக் கத்தினேன். என் ஒரு சொல்லுக்கு நாலு பேர் நகர்வார்கள். அந்த நகர்வுக்குள் இருக்கும்போது எனக்கு உடம்பு என்ற ஒன்றே இல்லாததுபோல இருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிழக்கு லண்டன்வரை, நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, ரயிலில் தூங்கி வழிந்து போய் வந்தேன்.

என் கடைசி வருடத்தில், நத்தார் விடுமுறை முடிந்து ஜனவரி பிறந்ததும், அவள் வந்தாள். வடக்கே வேறொரு பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்தை முடித்தவள். ஜெர்மனியில் பிறந்து, அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவள். தகப்பன் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கடை போட்டதால் வீட்டோடு இருந்து படிக்க எங்களிடம் மாறி வந்திருந்தாள். எங்கள் அணியில் அதுவரை நான் ஒருத்திதான் தமிழ். அவள் வந்த அன்றைக்கே என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள். என்னைவிட அரைச் சாண் உயரம், என்னைவிட நல்ல தமிழ். எனக்கு உடனேயே கொஞ்சம் எரிச்சல் வந்தது.

எங்கள் கோச் பகலில் நீச்சல் குளமொன்றில் வேலை பார்த்த, அதிகம் பேசாத பெண். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குத்தான் கண் இருக்கிறது. அவளை மூன்று பயிற்சி பார். நம் தடுப்பில் எங்கே பொருந்துவாள் என்று சொல்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் பெண் பார்க்கப் போகிற மிடுக்கோடு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

முதல் பயிற்சி எனக்குப் பரம திருப்தி. அவள் பழைய அணியில் ஆளுக்கு ஆள் காவல் நின்று பழகியவள். எதிரி ஒருத்தியைப் பிடித்தால் மண்டபத்தின் அந்தக் கரைவரை நிழலாகப் பின்னால் போவாள். அவள் விட்டுப்போன இடம் வெறுமையாகக் கிடக்கும், பந்து அதற்குள்ளால் கூடைக்குப் போகும். இரண்டாம் பயிற்சியில் அவளைப் பின்வரிசையின் இடப்பக்கம் விட்டார்கள். இடத்தைக் காப்பது என்றால் என்னவென்று ஒரே பிற்பகலில் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் பயிற்சியில் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் என் இடத்தில் நின்றாள். ஐந்து நிமிடம்தான். சுவரில் சாய்ந்தபடி பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் மெதுவாக ஒரு கனவு நடப்பதுபோல இருந்தது. பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே அவள் கால் அந்தத் திசைக்குப் போயிற்று. முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் நிற்கும்போது அவர்கள் அப்படி நிறுத்தியதில்லை. அந்த இடம் அவளுக்கென்றே வெட்டி வைத்த இடம் என்று எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

அவளிடம் ஒரேயொரு பிழைதான் இருந்தது. கூடைக்குக் கீழே பத்துப் பேரின் கால்களும் ஒன்றோடொன்று சிக்கும். யாருடைய காலிலாவது அவள் கால் பட்டால் போதும், அந்தக் கணமே குனிந்து, அந்தப் பிள்ளையின் முழங்காலையோ கையையோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதற்குள் பந்து கூடைக்குள் விழுந்திருக்கும். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எங்கள் வீடுகளில் நடக்கப் பழகும்போதே பழக்கிவிடுவார்கள். அது அவளுக்குக் கண் இமைப்பது மாதிரி. மற்றப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பல்லைக் கடித்தார்கள்.

"அக்கா, உங்களுக்கும் இது வந்திருக்கும்தானே? எப்பிடி நிப்பாட்டினீங்கள்?" என்று அன்றைக்கு உடைமாற்றும் அறையில் கேட்டாள்.

வந்ததுதான். முதல் வருடம் முழுக்க நானும் இப்படிக் குனிந்து குனிந்து திட்டு வாங்கியவள். பிறகு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆட்டம் நடக்கும்போது பட்ட கால்களையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டே போவேன். கடைசி விசில் ஊதியதும் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் குனிந்து, தரையைத் தொட்டு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். யாருக்கும் தெரியாது. மனதும் அடங்கிவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் அடுத்த நாளே அவள் குனிவதை விட்டுவிடுவாள்.

"பழகப் பழகச் சரிவரும். நான் சொல்லித் தாறன், பொறு" என்றேன்.

சொல்லவில்லை. காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடுத்த புதன்கிழமை எங்களுடைய கடைசி மாட்ச், என் வாழ்க்கையிலும் கடைசி. அதைப் பார்க்க அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. மூன்று வருடமாக, எங்கள் மாட்ச் நடக்கும் புதன்கிழமைகளில் பின்னேர ஷிப்ட், ஒரு மாட்சுக்கும் வந்ததில்லை. இந்த முறை இரண்டு பேரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றியிருந்தார். அவர் லண்டனின் அந்த மூலையிலிருந்து வந்து, மகள் வாங்கில் குந்தியிருப்பதையா பார்க்க வேண்டும்?

திங்கட்கிழமை கோச் கேட்டார். "நடுவில் அவள் நன்றாக நிற்கிறாள். ஆனால் அந்தக் குனிதல் என்ன? நிறுத்த முடியுமா?"

"அது எங்கள் ஆட்களின் வழக்கம். சின்ன வயதிலிருந்து வருவது. இப்போதைக்குப் போகாது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதாகக் கேட்டது. கோச் தலையாட்டிவிட்டு, தாளில் நடு இடத்துக்கு நேரே என் பெயரை எழுதினார்.

புதன்கிழமை வெயில் அடித்தது. மண்டபம் பச்சையாக மினுங்கியது. அப்பா வேலை உடுப்போடே வந்திருந்தார், மேலே ஒரு கோட். எங்கள் மண்டபத்தில் அணிக்கும் பார்க்க வருபவர்களுக்கும் ஒரே நீள வாங்குதான். அவர் எங்கே இருப்பது என்று தெரியாமல் தடுமாறி நின்றதையும், அவள் எழும்பிப் போய்த் தன் பக்கத்தில் இருத்தியதையும் ஓரக்கண்ணால் கண்டேன். பிறகு ஆட்டம் தொடங்கியது, எல்லாம் மறந்துபோயிற்று.

அன்றைக்கு ஆடினது போல நான் ஒரு நாளும் ஆடியதில்லை. ஐந்து பேரும் ஒரே மூச்சாகச் சரிந்தோம், நிமிர்ந்தோம். என் குரல் எனக்கு முன்னாலேயே ஓடியது. சில நேரம் பந்து காற்றில் அப்படியே நிற்பதாகவும், நான் போய் அதைத் தடவிவிட்டு வருவதாகவும் இருந்தது. வென்றோம். எத்தனை புள்ளியால் என்று இப்போது நினைவில்லை.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. அவரை நான் அப்படிக் கண்டதில்லை.

"நான் முதல்லை நினைச்சன், நீ பந்தை ஒருக்காக்கூடத் தொடேல்லை, சும்மா நிண்டு கத்திறாய் எண்டு" என்றார். "அந்தப் பிள்ளைதான் சொன்னது. அங்கிள், பந்தைப் பாக்காதேங்கோ, அக்கான்ரை காலைப் பாருங்கோ எண்டு. அதுக்குப் பிறகுதான் விளங்கினது. நீ ஒரு அடி வைக்க மற்ற நாலு பேரும் அசையினம். எதிர்ப்பக்கத்துப் பிள்ளையளுக்குப் போக வழியே இல்லை. ஒவ்வொண்டுக்கும் அந்தப் பிள்ளை விளக்கம் சொன்னது. நீ பிடிச்ச ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டினது."

நான் யன்னலைப் பார்த்தேன். வெளியே வீடுகளின் பின்பக்கங்களும் கொடியில் காயும் துணிகளும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.

"கெட்டிக்காரப் பிள்ளை போலக் கிடக்கு. அது ஏன் விளையாடேல்லை?"

நல்லவேளை, அவரே தொடர்ந்தார்.

"கேட்டனான். பிழை தன்னிலதானாம். ஏதோ ஒரு பழக்கம் விடுகுதில்லையாம். அக்கா சொல்லித் தாறன் எண்டவா, வாற வருசம் அவவின்ரை இடத்திலை நிண்டு அவவின்ரை பேரைக் காப்பாத்துவன் எண்டு சொல்லுது." என் பக்கம் திரும்பினார். மூன்று வருடமாக நான் எங்கே போகிறேன், ஏன் களைத்து வருகிறேன் என்று ஒரு நாளும் கேட்காத மனிதர். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை அதற்கு முன்னோ பின்னோ நான் கண்டதில்லை.

"சொல்லிக் குடுத்திட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன்.