அப்பாவின் நெஞ்சுக்குள் முகாமிட்டவர்கள்

கிரான் கிராமத்தில் பிறந்து, அந்த மண்ணிலேயே வயல் செய்து எங்களை ஆளாக்கிய எங்கள் அப்பா, எவரையும் எளிதில் நம்பியவர் அல்லர். வயல் வட்டையில் எங்கள் முறைக்குத் தண்ணீர் திறந்தாயிற்று என்று யார் சொன்னாலும், வாய்க்காலில் தானே காலை நனைத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். எனக்கு மாப்பிள்ளை பேசி வந்தவரைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அயல் வீட்டில் போய் விசாரித்தார். காப்பாற்ற வந்தோம் என்றவர்களால் யுத்த காலத்தில் இருமுறை வீடிழந்தவருக்கு அந்தக் குணம் வந்ததில் வியப்பில்லை. எனக்கும் அது அப்படியே வாய்த்திருக்கிறது.

அப்பாவின் நெஞ்சில் புற்றுக்கட்டி என்றதும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒரு துளியும் கெடுதல் செய்யாது என்று ஒருவர் தந்த கசாயத்தை அப்பா வாழைக்கு ஊற்றிவிட்டார்.

கட்டியில் சிறு துண்டெடுத்துச் செய்த இழையப் பரிசோதனை முடிந்ததும் வைத்தியர் நல்ல செய்தி என்றார். நோயை எதிர்க்கும் உயிர்க்கலங்கள் கட்டிக்குள்ளேயே கூட்டங்கூட்டமாகத் திரண்டு முகாம் போட்டிருக்கின்றனவாம். அப்படி உள்ளவர்களுக்குப் புதிய மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்புக் கூடவாம். புற்றுக்குள் என்ன நல்ல செய்தி? நான் நம்பவில்லை. ‘முகாம்’ என்ற சொல்லிலேயே அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

“ஆர்ர முகாம் அது?”

“உங்கட உடம்பில உள்ளதுதான் ஐயா. உங்கட ஆக்கள்தான்.”

“எங்கட ஆக்கள் எண்டு சொல்லித்தான் டொக்டர் எல்லாரும் வந்தானுகள். உள்ளுக்க இரிக்கிறவனுகள் ஏன் சும்மா இரிக்கானுகள்?”

“புற்று அவங்கட கையக் கட்டி வெச்சிரிக்கி. இந்த மருந்து அவுத்துவிடும்.”

“அவுத்துவிட்டா எங்களையே அடிக்கமாட்டானுகளா?”

“அடிக்கலாம் ஐயா. சில பேருக்குக் குடல், தோல், ஈரல் பழுதாகும். அதையும் பாத்துப் பாத்துத்தான் மருந்து தருவம்.”

வீட்டுக்குப் போவோம் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

“இரி புள்ள. கெட்டதையும் சொல்றாரே. டொக்டர், மருந்தப் போடுங்க.”

கட்டி சுருங்கியது. அப்பா இன்னொரு போகம் விதைத்து, அறுவடையும் பார்த்தார். பிறகு நோய் மீண்டும் தலைதூக்கியது; அப்பா எங்களைத் தவிக்கவிட்டுப் போய்விட்டார். அந்தக் கலங்கள் களைத்தனவா, ஏமாந்தனவா என்று வைத்தியரிடம் கேட்டேன். தெரியாது என்றே சொன்னார்.

வைத்தியசாலைக்கு வாகனம் தந்தவர்கள், அம்மாவைத் தனியே விடாமல் கூட இருந்த அயலவர்கள், இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வைத்தியருக்கு நான் தனியே நன்றி சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஒரு மனிதரை நம்பியதை நான் கண்டது அவருடைய அறையில்தான்.