லாரி திங்கட்கிழமைதான் வரும்

ஃபிரான்சைஸ் எடுக்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் லாப நட்டம் பேசுவதில்லை. பொங்கோலில் லாண்டரி கடை திறந்த இரண்டாவது வாரம் நடந்ததைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் பதினான்கு வருடம், எனக்கு ஃபிரான்சைஸ் கொடுத்த அதே கம்பெனியின் தேக்கா கிளையில் கவுன்டரில் நின்றவன் நான். புதுக் கடையில் போர்டு கம்பெனியுடையது, வாடகை என்னுடையது. துணிகள் முன்போலவே லாரியில் பிளாண்டுக்குப் போய்ச் சுத்தமாகி வரும்.

அன்று சனிக்கிழமை. சலவைக்குப் போட்ட பட்டுப் புடவையைத் திரும்ப வாங்க வந்த அம்மாவிடம் பையைக் கொடுத்தேன். பிரித்தால் உள்ளே யாருடைய திரைச்சீலையோ.

"அண்ணே, நாளைக்குக் காலையில என் மக கல்யாணம். அந்தப் புடவையதான் கட்டணும்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றது.

"கடை திறந்த அன்னைக்கு 'நான்தான் ஓனர்'னு லட்டு கொடுத்தீங்க. இப்ப எந்த மேனேஜ்மென்ட்டுண்ணே?"

வெட்கமாகப் போய்விட்டது. போன் போட்டு விசாரித்தேன். புடவை பூன் லே கிளைக்குப் போயிருந்தது.

"லாரி மண்டேதான் லா. நீங்க கடையை மூடிட்டுப் போயிடாதீங்க, அக்ரிமென்ட்ல இருக்கு," என்றார் தலைமை அலுவலகத் தம்பி. தொழிலாளியாக இருந்தபோதாவது டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு போட முடிந்தது. முதலாளிக்கு அதுவும் இல்லை.

"ஆறு மணிக்கு வாங்கம்மா, புடவை இங்க இருக்கும்," என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன். பொங்கோலிலிருந்து பூன் லே என்றால் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ரயிலில் போய் வாங்கி, ரயிலிலேயே திரும்பினேன். அந்த அம்மா புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடையை மூடியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதலாளி என்றால் ஓடத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான், நான் தேக்கா கவுன்டரில் நின்ற காலத்தில் வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். மறுநாள் இன்டர்வியூவுக்குப் போட வேண்டிய அவருடைய ஒரே கோட்டு இதேபோல் கிளை மாறிப் போயிருந்தது. "லாரி நாளன்னைக்குத்தான் சார். கம்பெனி ரூல்," என்றேன். அவர் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடப் போனேன்.

கோட்டு இருந்த கிளை இரண்டே ஸ்டேஷன் தள்ளி. எனக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். போய் எடுத்து வந்திருந்தால் எந்த முதலாளியும் என்னைத் தடுத்திருக்க மாட்டார். முதலாளி என்று ஒருவர் இருந்தது எனக்குச் சாக்குச் சொல்ல வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.