பதினொரு மில்லிமீட்டர்

பேய் என்றால் ராத்திரி என்று நினைக்கிறவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் பிற்பகல் 2.17. வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. ஷெட்டின் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. நான் குடிக்கிறவன் இல்லை. கையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. நடந்ததை நான் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, அளந்து பார்த்தேன். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கடை, கிளெம் ஹார்டிகனின் மெக்கானிக் ஷெட். அங்கே எனக்கு வேலை. என் மனைவி ரெஜினாவும் மகளும் கோவில்பட்டியில். அவர்களைக் கூப்பிட எனக்கு நிரந்தர விசா வேண்டும். அதற்கு முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் நவம்பர் 30.

மாதிரிக் கடிதம் கிளெம்தான் கொடுத்தார். அதைப் பார்த்து டைப் செய்து ஆகஸ்டிலேயே அவரிடம் நீட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பொன்னையா என்ற என் பெயரை அவர் 'போனி' ஆக்கிவிட்டார். ஆங்கிலத்தில் அது மட்டக்குதிரை. மதுக்கடையில் நாலு பேர் இருக்கும்போதுதான் சத்தமாகக் கூப்பிடுவார்.

"போனி, ஷெட் மூலையில நசுங்கிக் கிடக்கே என் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பு, பாத்தியா? மே மாசம் கங்காரு குறுக்க வந்து பள்ளத்துல உருண்டுச்சு. தூரத்துல ஒருத்தன் வாங்கறேன்னு சொல்றான். அது நேரா ஓடுற அன்னைக்குக் கையெழுத்து. கோணலா ஓடிச்சுன்னா நீயும் கோணலாவே உன் ஊருக்குப் போயிரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு முன்னால் அங்கே ரோடெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரன் மெக்கானிக்காக இருந்தான். அவன் படுத்த தகர அறையில்தான் நான் படுத்தேன். அவன் ஸ்பேனர் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

"அவன் எங்க போனான், கிளெம்?"

"கடற்கரைப் பக்கம் ஓடிட்டான். நன்றி கெட்ட பய. நீயாவது சொன்னதைச் செய்."

சொந்த ஸ்பேனர் பெட்டியை விட்டுவிட்டு எந்த மெக்கானிக்கும் ஓடமாட்டான். அப்போது நான் அதை யோசிக்கவில்லை. சும்மா கிடைத்ததே என்று எடுத்துப் புழங்கினேன்.

இன்னொன்றும் உண்டு. கங்காருவை அடித்த வண்டியில் முன் கம்பி இடுக்கில் மயிர் சிக்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் நாலு மயிராவது இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை.

கேபின், கதவு, கண்ணாடி எல்லாம் முடித்தேன். முன் சஸ்பென்ஷன்தான் முடியவில்லை. அந்த ஊரில் அலைன்மென்ட் மெஷின் கிடையாது. வண்டியின் இரண்டு பக்கமும் தூண்டில் நூலை இழுத்துக் கட்டி, ஸ்கேலால்தான் அளப்போம். இடது முன்சக்கரம் வலதைவிடப் பதினொரு மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. அப்படி இருந்தால் வண்டி இடது பக்கமாகவே இழுக்கும்.

சக்கரத்தைச் சேஸிஸோடு பிடிக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கும் என்று புதிது மாட்டினேன். 11.

ஆர்ம் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினேன். 11.

சேஸிஸை மூலைக்கு மூலை அளந்தேன். ஒரு நூல்கூட வளைவு இல்லை. வலது சக்கரத்தைக் கழற்றி இடதில் போட்டேன். அப்போதும் 11.

நவம்பர் 26. கிளெம் மதுக்கடையில். ஷெட்டில் நான் மட்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்தேன். இடது சக்கரத்துக்குப் பின்பக்கம். புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையையும் டயரில் வைத்து முன்னால் தள்ளினேன்.

சக்கரம் நகர்ந்தது.

நகரக் கூடாது. எல்லா போல்ட்டும் இறுக்கித்தான் இருந்தது. ஆனாலும் நகர்ந்தது... மெதுவாக... சரியான இடத்துக்கு வந்து நின்றது.

பிறகு, டயரின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தள்ளினார்கள்.

ஸ்பிரிங்கின் விசை இல்லை அது. விசை ஒரே மாதிரி தள்ளும். இது தள்ளியது... களைத்தது... மறுபடி தள்ளியது.

காற்றே இல்லை. தூண்டில் நூல் அதிர்ந்தது. ங்ங்ங்...

தலையை நீட்டி டயருக்கு முன்னால் பார்த்தேன். சிமென்ட் தரை. வெயில். வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் மூச்சுச் சத்தம் கேட்டது.

இழுத்து... இழுத்து...

கடிகாரம் பார்த்தேன். 2.17.

வெளியே ஓடி வந்து வெயிலில் நின்றேன். நாலு மணிக்கு கிளெம் வந்தார்.

"என்ன போனி, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு? உனக்குக்கூட வெளுக்குமா?"

"கிளெம், அந்தச் சக்கரத்தை யாரோ தள்றாங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டிக்குக் கிட்டே போனார். பிறகு அந்த டயரை ஓங்கி உதைத்தார். ஒரு தடவை இல்லை. நாலு தடவை.

"இன்னும் நாலு நாள்தான் உனக்கு. வேலையைப் பாரு."

மறுநாள் நான் ஒரு தப்பு செய்தேன். சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்த, ஆர்மின் அடியில் ஒரு போல்ட் உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாமல் அந்த போல்ட்டைத் திருப்பி ஈடு கட்டக் கூடாது. தொழில் கற்ற முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஈடு கட்டினேன். எதிர்ப்பக்கம் பதினொரு மில்லி வரும்படி திருப்பி இறுக்கினேன். அது பின்னால் தள்ளட்டும், நான் முன்னால் வைக்கிறேன் என்று கணக்கு.

ஸ்கேல் வைத்தேன். வித்தியாசம் பூஜ்யம்.

ரெஜினாவுக்கு போன் போட்டு, பெட்டியைக் கட்டு என்றேன்.

28-ம் தேதி மதியம் சாவியையும் பேனாவையும் சேர்த்து நீட்டினேன். கிளெம் சாவியை மட்டும் எடுத்தார்.

"ஓட்டிப் பாத்துட்டு வந்து போடுறேன்."

"இப்பவே போட்டுருங்க கிளெம். ரெண்டு நாள்தான் இருக்கு."

"அவனும் இப்படித்தான் நச்சரிச்சான்" என்றார்.

யார் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மண் சாலையில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பார்த்துக்கொண்டே நின்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவர் திரும்பி வரவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் வண்டி வலது பக்கம் பாய்ந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. மே மாதம் உருண்டதும் அதே பள்ளம்தான். மண்கரை சரிந்திருந்தது. வண்டியைத் தூக்க வந்த இயந்திரம் அந்த மண்ணை வாரியபோது, அடியில் ரோடெல் இருந்தான்.

போலீஸ் சார்ஜன்ட் டால்டன் என்னை விசாரிக்க வந்தார். அந்த ஊரில் என் முழுப் பெயரையும் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"மண்ணுச் சூட்டுல காஞ்சு அப்படியே இருந்தான், பொன்னையா. பையில ஒரு லெட்டர். உன் லெட்டர்ல இருக்கிற அதே வரிகள். அவன் பேரு, மே 31-ன்னு தேதி. கையெழுத்துப் போடல."

"என்னோடது?"

"கிளெம் பையில இருந்துச்சு. அதுலயும் போடல."

பிறகு அவர் தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"கை ரெண்டும் இப்படியே விறைச்சிருந்துச்சு. ரெண்டு உள்ளங்கையிலயும் டயர் பட்டன் அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. உடனே சாகல அவன். ரொம்ப நேரம் தள்ளியிருக்கான்."

அன்று கிளெம் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க ஆள் இல்லை.

எனக்கு விசா கிடைக்கவில்லை. கட்டிய பெட்டியை ரெஜினா இன்னும் அவிழ்க்கவில்லை. நான் இப்போது வேறொரு ஊரில், வேறொரு முதலாளியிடம், மறுபடி முதலிலிருந்து.

அந்த வண்டியைச் சோதித்த அதிகாரி ஒன்று எழுதியிருந்தார். இடது முன்சக்கரம் பதினொரு மில்லிமீட்டர் முன்னால் இருந்ததாம். இப்படி ஒரு வண்டி நூறு மீட்டர்கூட நேராகப் போகாதே, ஒன்பது கிலோமீட்டர் எப்படிப் போனது என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன்.

தெரியும். அவ்வளவு தூரமும் அவன் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான்.

அந்த இடம் வந்ததும்... கையை எடுத்துவிட்டான்.