விளம்பரத்தில் பேசுவது யார்?

விளம்பரம் எழுதுகிறவளின் வேலை அடுத்தவர் வாயால் பேசுவது. பேச்சு பொய்த்தால் ஏச்சு விழுவது என்னவோ அந்த அடுத்தவர் மேல்தான்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து, கடைகளுக்கு முகநூல் விளம்பரமும் துண்டுப்பிரசுரமும் எழுதிக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் முதல் வரைவை ஏஐயிடம்தான் கேட்பது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதும், எத்தனை தரம் மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காது. இதே தொழிலில் மாரடிக்கும் உங்களுக்கு அதன் அருமை தெரியும். அது இழுத்து வைக்கும் வம்பும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே

அப்புத்தளையில் சரோஜா அக்கா தன் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம் கேட்டார். ஏஐ அழகாக எழுதியது: தினமும் விடியலில், படுக்கையிலிருந்தே பொன்னிறச் சூரிய உதயம். நான் தமிழில் சொல்லிக் காட்டியதும், படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பனி இறங்கினால் அங்கே பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியாது.

"இப்படி எழுதினாத்தான்க்கா ஆளுங்க வருவாங்க" என்றேன்.

"வருவாங்க தங்கச்சி. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்து, ஜன்னலத் தொறந்து பார்த்துட்டுப் பேசாம நிப்பாங்களே, அந்த மூஞ்சிக்கு முன்னால நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கணும்."

வெளிநாட்டு வேலை

ஒருவர் வந்தார். பெண்களை வீட்டுவேலைக்கு வெளிநாடு அனுப்புகிறவராம். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டும் என்றார். எந்த நாடு, என்ன சம்பளம், இவ்வளவுதான் அவர் தந்த விபரம். மற்றதை ஏஐ தானாகச் சேர்த்துக்கொண்டது: பாதுகாப்பான தங்குமிடம், வாராந்த விடுமுறை, தினமும் வீட்டோடு பேச வசதி. அவருக்கு ஏக சந்தோஷம்.

எனக்கு என் சித்தியின் ஞாபகம் வந்தது. இப்படித்தான் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்பிப் போனாள். போன இடத்தில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"இந்த வசதியெல்லாம் ஒப்பந்தத்துல இருக்கா? காட்டுங்க. இல்லேன்னா எடுத்துருவேன்" என்றேன். அவர் எதையும் காட்டவில்லை. அந்த வரிகள் இல்லாத பிரசுரம் தனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கதவருகில் திரும்பி நின்று, கோபமில்லாமல்தான் கேட்டார்:

"மெஷின் எழுதினதுதானே மிஸ், நீங்க எழுதலியே. உங்களுக்கு ஏன் வலிக்குது?"

பெரிய மொதலாளியின் குரல்

பதுளை பஜாரில் பழைய புடவைக்கடை ஒன்று. பெரிய மொதலாளி இறந்த பிறகு வந்த முதல் தீபாவளி. அவர் போனில் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை மகன் கணேசன் கொண்டுவந்தார். ஏஐயை வைத்து, அப்பாவே தன் குரலில் வாடிக்கையாளர்களை அழைக்கிற மாதிரி செய்து தரவேண்டும் என்றார். செய்யலாம், ஆனால் உங்கள் அம்மா கேட்டுச் சம்மதித்தால்தான் வெளியே போகும் என்றேன்.

கடையின் உள்ளறையில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். 'அன்பான வாடிக்கையாளர்களே, குடும்பத்தோடு வாருங்கள்.' அச்சு அசல் அவர் குரல். கணேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பாதியிலேயே போனைக் கையால் பொத்தினார்.

"கொரல் அவருதுதான். ஆனா அவரு யாரையும் இப்படிக் கூப்பிட்டதில்ல. 'வாம்மா, நனையாத, உள்ள வந்து உக்காரு'ம்பாரு. அது இன்னும் என் காதுல இருக்கு. இதக் கேட்டா அது போயிரும் போல இருக்கு."

அங்கேயே அதை அழித்தேன். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப என்னம்மா போடுறது?" என்றார் கணேசன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு இல்லன்னே போடுங்க. கடை தொறந்திருக்குன்னும் போடுங்க."

ஏஐ வந்து என் எழுத்து வேலையில் பாதியைக் குறைத்துவிட்டது உண்மைதான். மிச்சமாகும் நேரமெல்லாம் அது கூட்டி எழுதியதை வெட்டுவதற்கே சரியாகப் போகிறது.