சுனாமிக்குப் பிறகு வந்த மாசி மகம்

கரும்பு ஏற்றிய டிராக்டர் பெட்டியை எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் புளித்த சாற்றின் வாசனை போவதில்லை; அதன்மேல் மாவிலையும் துளசியும் கற்பூரமும், வண்டி கிளம்பியதும் டீசல் புகையும் சேர்ந்துகொள்ள, மாசி மகம் என்றால் எனக்கு முதலில் மூக்கில்தான் வரும். எங்கள் மேல்பட்டாம்பாக்கத்துத் தெருக்கோயிலின் பெருமாள் வருஷத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டியில் ஏறிக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்துத் திரும்புவார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் அன்று அங்கே வந்து வரிசையாக நிற்கும். நாங்கள் அதை "மகத்துக்குப் போறது" என்போம். மணல் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிடும்; அங்கிருந்து எட்டுப் பேர் பெருமாளைப் பல்லக்கில் தோளேற்றி, அலை காலைத் தொடும் இடம்வரை கொண்டுபோவார்கள். அந்த எட்டுப் பேரில் என் அப்பாவும் ஒருவர். பட்டர் சின்னச் சக்கரத்தாழ்வாரைத் தலையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்ட பிறகுதான் ஊர் சனம் இறங்கிக் குளிக்கும்.

சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது, தங்கை மலருக்கு ஐந்து. எங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளி இருந்ததால் எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு காதால் மட்டும் பார்த்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சாந்தி, மாசி மாதம் பிறந்ததும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "சுனாமி வந்த அன்னிக்குப் பௌர்ணமிடி. மாசி மகமும் பௌர்ணமிதான். கடலுக்கு அது தெரியும்." அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசலில் நின்று நிலாவைப் பார்ப்பேன். அது ஒரு பக்கம் பருத்துக்கொண்டே வந்தது. மலரிடம் மட்டும் சொன்னேன். அவள், "அப்ப பெருமாளுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் சாமி போகலாமா வேண்டாமா என்று கோயிலில் கூடிப் பேசினார்கள். கிணற்று நீரிலேயே தீர்த்தவாரியை முடித்துவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பட்டர் கடைசியில்தான் வாய் திறந்தாராம்: "அங்க அத்தன பேரு போயிருக்காங்க. இந்த வருஷம் பாத்தா சாமி போவாம இருக்கறது?" சாமி போவதென்றே முடிவாகிவிட்டது என்று அப்பா வந்து சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நீங்க தூக்கியே ஆவணுமா?" என்றாள்.

"எட்டு பேரு இருந்தாதான் தூக்க முடியும். நான் இல்லன்னா யாரு?"

அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப போனா எல்லாரும் சேந்தே போவோம். நாங்க மட்டும் இங்க ஒக்காந்துகிட்டு இன்னா பண்றது" என்றாள். அந்தப் "போவோம்" எந்தப் போவோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

மகத்தன்று விடியற்காலையில் கிளம்பினோம். மற்ற வருஷங்களில் வழியெல்லாம் பாட்டும் கேலியுமாக இருக்கும். அன்று பெட்டியில் யாரும் உரக்கப் பேசவில்லை. புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்திருந்த பெண்கள் அதன் பிடியையே இறுக்கிக்கொண்டு வந்தார்கள். கடற்கரையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சவுக்குத் தோப்பில் மரங்களின் இடுப்புயரத்துக்கு வலைகள் சுற்றிக் கிடந்தன. ஒரு படகு சாலையோரத்தில் குப்புறக் கிடந்தது. கடல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நீலமாக, சின்னச் சின்ன அலைகளோடு இருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. சாமிகள் முன்பைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தன. வந்த கூட்டமும் தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளியே நின்றது.

அம்மா தேங்காய்த் தட்டோடு முன்னால் போக வேண்டியிருந்ததால், மலரின் கையை என் கையில் வைத்து, "புடிச்சிக்க" என்றாள்.

பல்லக்கு தண்ணீர் ஓரம் போய் நின்றது. பட்டர் சக்கரத்தாழ்வாரோடு இடுப்பளவு நீரில் இறங்கி முதல் முழுக்குப் போட்டார். இரண்டாவது முழுக்குக்கு அவர் தலை மறைந்த நேரம், மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிய அலை ஒன்று உடைந்து மணலில் ஏறி வந்தது. கூட்டத்தின் முன்வரிசை பின்வாங்கியது. யாரோ ஒரு குரல், "தண்ணி வருது" என்றது. அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தை இன்றும் என் கால்கள் மறக்கவில்லை. மணல் இழுத்தது. முன்னால் முதுகுகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மலர் ஓட முடியாமல் என் கையில் கனத்தாள். ஒருமுறை முட்டி மடிந்து விழுந்தாள், நான் இழுத்தேன், அவள் எழவில்லை. கை வியர்வையில் நழுவியது என்று எழுத ஆசைதான். நழுவவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்தேன். பிரித்ததும் ஓட்டம் எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

டிராக்டர் பெட்டியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. கடற்கரை காலியாகக் கிடந்தது. மணல் முழுக்கச் செருப்புகளும் உடைந்த தேங்காய்களும். தண்ணீர் ஓரத்தில் பெருமாள் அப்படியே நின்றுகொண்டிருந்தார், கீழே எட்டுப் பேரும். ஒருவரும் நகரவில்லை. அலை அவர்கள் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. பட்டர் மூன்றாவது முழுக்கையும் முடித்துக்கொண்டு, தலையில் சக்கரத்தாழ்வாரோடு மெதுவாகக் கரையேறி வந்தார்.

அம்மா சேலைத் தலைப்பு கிழிந்து ஓடி வந்தாள். "பாப்பா எங்கடி?"

"கைய உட்டுட்டாம்மா" என்றேன். "நான் புடிச்சிட்டுதான் இருந்தேன். அவதான் உட்டுட்டா."

அம்மா திரும்பி ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். கடலைப் பார்த்து ஓட வேண்டியிருந்தது. எத்தனை நேரம் தேடினோம் என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி, கடைசியில் வெறும் காற்றாக வந்தது. மலர் செத்துவிட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அப்போதும் என் மனத்தில் இருந்த பயம் அவள் செத்தது பற்றி மட்டும் அல்ல, உண்மை தெரிந்துவிடுமே என்பதும்தான்.

குப்புறக் கிடந்த படகுக்குப் பின்னால் அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மலர் அவள் மடியில், அழாமல், உடம்பெல்லாம் மணலோடு இருந்தாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அம்மா போய்த் தூக்கப் பார்த்தும் பிடியை விடவில்லை. "பேரு இன்னா சொல்லு" என்றாள். அம்மா சொன்னாள். "நீயும் சொல்லுடி கண்ணு" என்று மலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் விரல் தளர்ந்தது.

"கூட்டத்துல புள்ள கைய உடக் கூடாதும்மா. கெட்டியாப் புடிச்சிக்க" என்றாள். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தலை நிமிரவில்லை. கொஞ்சம் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், நாங்கள் கடந்து போகும்போது, "அதும் பையன் இன்னும் கெடைக்கல. தெனம் வந்து ஒக்காருது" என்றார்.

வண்டிக்கு வந்ததும் அம்மா மலரின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எதுக்குடி அக்கா கைய உட்ட?" அடித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மலர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்ற குழப்பம்தான் இருந்தது. "இனிமே உட மாட்டேம்மா" என்றாள்.

திரும்பும் வழியில் நான் அப்பாவிடம், "நீங்க ஏம்பா ஓடல?" என்று கேட்டேன். அவர் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே, "எங்க ஓடறது? ஒருத்தன் வெலகுனா ஏழு பேரும் சாஞ்சிடுவான். பயந்துகிட்டேதான் நின்னேன். தோளு ஆடுனது சாமிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

மலர் கையை விட்ட கதை எங்கள் குடும்பத்தில் கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. அம்மா சொல்வாள், மலரும் சேர்ந்து சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னதில்லை.

இப்போது பெருமாள் விளக்குகள் கட்டிய லாரியில் போகிறார். அந்தப் பழைய சவுக்குத் தோப்பு இல்லை, குப்புறக் கிடந்த படகு இல்லை, அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு எந்த மகத்திலும் நான் பார்த்ததில்லை. கடலில் சனம் பழையபடி இறங்கிக் குளிக்கிறது. அப்பாவின் இடத்தில் வேறு யாரோ தோள் கொடுக்கிறார்கள்.

போன மாதம் மலர் போனில் பேசும்போது, தன் மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பப் போவதாகவும், "என்ன மாரி கைய உட்டுட்டு நிக்காத" என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாள். அன்று என்னால் மறைக்க முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன், விரலைப் பிரித்ததுவரை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பத்து வயசுக்கா ஒனக்கு" என்றாள் பிறகு. போனை வைக்கும் முன், "அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.