மணிக்கு ஒரு சுற்று

கொட்டாஞ்சேனையில் மின்விசிறி திருத்தும் என் கடைக்கு வருகிறவர்கள் வேகத்தைக் கூட்டித் தரச் சொல்வார்கள். நுண்கலை படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் குறைக்கச் சொன்னாள். நகமெல்லாம் பெயின்ட். கடையில் நின்றுபோய்க் கிடக்கும் விசிறிகளை ஒற்றை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பாள்.

“அண்ணா, கண்காட்சிக்கு வைக்கிற இந்தச் செப்புத் தகடு ஒருக்காச் சுத்த ஒரு மணித்தியாலம் எடுக்கோணும்.”

“அப்ப சுத்துறது ஆருக்குத் தெரியும்?”

“நிண்டு பார்க்கிறவைக்கு.”

சின்ன மோட்டருக்குக் கியர் பூட்டிக் கொடுத்தேன்.

அவளுடைய கண்காட்சிக்குப் போனேன். என் பக்கத்தில் நின்றவர் தகட்டைப் பார்த்து, “மோட்டர் பழுதுபோல” என்று நகரப் பார்த்தார். நான் பூட்டியது பழுதாகாது.

“ஓடுது, நில்லுங்கோ” என்றேன்.

தகட்டின் நிழல் அவருடைய சப்பாத்தை விட்டு என் செருப்புக்கு வரும்வரை இருவரும் நின்றோம்.