குருவி மூடியும் நாலு குலுக்கலும்

என் அண்ணிக்குக் கோபமே வராது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

அண்ணி ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கடையை இழுத்து மூடியதும், மாடி அறையில் மேசையைப் போட்டு, இணையத்தில் பீங்கான் ஜாடி விற்க ஆரம்பித்தார். நாலு நாள் கூத்து என்று அண்ணன் கிண்டலடித்தார். இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு இடம் விட்டு அண்ணனின் சட்டைகள்தான் கூடத்துக் கொடியில் தொங்குகின்றன. அந்த அறையில் அண்ணி முதலாளி, நான் டேப் ஒட்டுகிறவள். அங்கே அவர் நடக்கிற நடையே வேறு.

அண்ணிக்கு ஒரு பழக்கம். பெட்டியை ஒட்டி முடித்ததும் காதருகே தூக்கி நாலு தரம் குலுக்குவார். உள்ளே ஏதாவது ஆடினால் பிரித்து, இன்னும் காகிதம் திணித்து, மறுபடி கட்டுவார். ஆடாவிட்டால், ஒரு தட்டு தட்டிக் கீழே வைப்பார்.

அப்படியும் வழியில் உடைந்துவிட்டதாக இரண்டு புகார்கள் வந்தன. நாங்கள் ஒழுங்காகத்தான் கட்டினோம் என்பதற்கு ஆதாரம் இல்லை, இரண்டிலும் தோற்றோம். இன்னொன்றில் தோற்றால் உங்கள் கடையையே எடுத்துவிடுவோம் என்று விற்பனைத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து பெட்டி கட்டுவதை எல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தோம்.

மூன்றாவது புகார் ஒரு சர்க்கரை ஜாடிக்கு வந்தது. அதன் மூடியைப் பிடித்துத் தூக்க உச்சியில் ஒரு பீங்கான் குருவி உண்டு. வாங்கியவர் அனுப்பிய படத்தில் மூடி தனி, குருவி தனி. இதற்குப் பெயர் பேக்கிங்கா என்று கீழே ஒரு கேள்வி வேறு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அண்ணி மெதுவாக என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். என்னைப் பதில் எழுத விட்டால் கடைக்கு அன்றே பூட்டு விழும் என்று அவருக்குத் தெரியும்.

வீடியோவைத் தேடிப் பார்த்தோம். ஜாடி முழுசாக இருக்கிறது, மூடியில் குருவி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, காகிதம், பெட்டி, டேப், எல்லாம் தெளிவு. கூடவே எதிர்வீட்டுக்காரியைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசியதும் பதிவாகியிருந்தது. ஜெயித்தாகிவிட்டது, அனுப்புங்கள் என்றேன்.

அண்ணி அனுப்பவில்லை. கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினார். போனைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். முதல் இரண்டு குலுக்கலில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், என் பேச்சுக்கு அடியில், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நாலாவதில் ஏதோ லேசாக உருண்டது.

"நான்தான் உடைச்சிருக்கேன்," என்றார் அண்ணி.

தளத்துக்காரர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், சத்தத்தை எவன் கேட்கப் போகிறான் என்று மன்றாடினேன். வேண்டுமானால் சத்தத்தை எடுத்துவிட்டே அனுப்பலாம் என்றும் சொன்னேன். கடை போனால் மறுபடி யாரிடமாவது போய் பில் போடப் போகிறீர்களா என்று கத்தினேன்.

"எனக்குக் கேட்டுடுச்சேடி. இனிமே எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் அதுதான் கேக்கும்."

வாங்கியவருக்கு அண்ணியே எழுதினார். குலுக்கியதையும் மறைக்கவில்லை. தப்பு எங்களுடையது, நாளைக் காலையில் புகாரை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிவிடுகிறேன் என்று முடித்தார். அப்படி ஒப்புக்கொண்டால் அதுவும் தோல்விக் கணக்குதான். எழுதிவிட்டு, அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி டேப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் புகாரை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்த அண்ணி உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது.

"பார்சல் வந்ததும் நானும் காதுல வச்சு நல்லா குலுக்கினேங்க. வீட்டுக்காரி வேண்டாம்னுதான் சொன்னா, நான் கேக்கல. அதைப் புகார்ல எழுதவும் இல்ல. இப்ப வாபஸ் வாங்கிட்டேன். குருவியை ஒட்டியாச்சு, என்ன, கொஞ்சம் பின்பக்கம் பாக்குது."

கடை பிழைத்தது. அந்த ஆளை நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பாக இருந்தது. அண்ணி சின்னப் பிள்ளை போல அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வேண்டாம் என்றாலும் ஒரு புது மூடி அனுப்பியே தீருவேன் என்று உட்கார்ந்தார்.

மூடியைக் கட்டி முடித்ததும் பெட்டி தானாகக் காதுக்குப் போனது. நான் எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். இருவரும் சிரித்தோம். குலுக்காமல், ஒரு தட்டு மட்டும் தட்டி, பார்சல்காரரிடம் கொடுத்தார்.

பார்சல்காரர் அதை வாங்கிக் காதருகே வைத்து நன்றாகக் குலுக்கினார். "ஒண்ணுமே ஆடலக்கா, உங்க பேக்கிங் பேக்கிங்தான்," என்றார்.

அண்ணி பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்னைக் கத்தரிக்கோல் எடுத்து வரச் சொன்னார்.